இருபத்தெட்டாம் நாள்

நல்ல காங்கிரீட் உடையும்போது
துப்பாக்கி போலச் சத்தம் வரும்.
இது பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.
முள் நின்ற இடம் நூற்று அறுபத்து மூன்று.
வேண்டியது இருநூற்றுப் பத்து.
ஆய்வகத்து ஏபெர்
என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டான்.

மூன்றாம் தூண். ஜூன் மாதத்து மாலையில் வார்த்தது.
இந்த பொலிவிய மேட்டுநிலத்தில்
விடியுமுன் வாளித் தண்ணீர் கல்லாகிவிடும்.
போர்த்திய சாக்கு போதாதென்று சொன்னேன்.
சொன்னதை எழுதிவைக்கவில்லை.

சட்டைப்பையில் ஒரு கடிதம்:
சாந்தா குரூஸில் காப்பீட்டு அலுவலகம்,
நாற்காலி, மேசை, மாதம் பிறந்தால் சம்பளம்.
வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

ஓருரோவிலிருந்து ஆற்றங்கரைவரை
மூன்று மணி நேரம் வண்டியில் தராசு பிடித்தேன்.

இங்கே கூலி மூன்று மாதம் பிந்தி வரும்.
பல்லிடுக்கில் எப்போதும் மணல்.
நாற்பது ஆண்களுக்கு நடுவே
ஒதுங்க இடம் லாரியின் மறுபக்கம்.
மகள் லிசெத் தொலைபேசியில்
'பொறியாளர் அம்மணி' என்று கூப்பிடுகிறாள்.
கேலிதான், பாதி.
போட்ட கையெழுத்து ஐம்பது வருஷம்
தூங்காது, தூங்கவும் விடாது.

மறுதட்டில்?
யோசித்தால் அதிகமில்லை.
உப்பளத்துச் சாலையில் ஒரு சின்ன மதகு,
நாலு குழாய், பெயர்ப்பலகை கிடையாது.
பிப்ரவரி வெள்ளத்தன்று
அதன்மேல் ஒரு பள்ளிக்கூட வண்டி போனது.
பிள்ளைகள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.
அவ்வளவுதான். அதை எந்த எடைக்கல்லால் நிறுப்பது?

ஒப்பந்தக்காரர் உர்கிடி
பேனாவை மூடி கழற்றியே நீட்டினார்.
"இன்னும் ஒரு மாதம் விட்டால் தானே இறுகும்.
இந்த வழியில் போவது யார்?
லாமா மந்தைக்கு நூற்று அறுபத்து மூன்று தாராளம்."
எனக்கே சிரிப்பு வந்தது.
அக்கரையில் சுரங்கத்துத் துத்தநாக லாரிகள்
இந்தப் பாலத்துக்காக நிற்பது
இருவருக்கும் தெரியும்.

மேஸ்திரி சத்துர்நீனோ தள்ளி நின்றார்.
அடிக்குழியில் சாராயம் தெளித்து
பூமித்தாயைக் கும்பிட்ட கைகள்.
நானும்தான் தெளித்தேன்.
"இடித்தால் அந்த நாட்களின் கூலி
யார் தருவார்?" என்றார்.
என் பட்டியலில் அது எந்தப் பக்கமும் இல்லை.
தெரியவில்லை என்றேன்.
அவர் கோகா இலையைக் கன்னம் மாற்றிக்கொண்டு
சம்மட்டி எடுக்கப் போனார்.
கோபமா, வேலையா, தெரியவில்லை.

உத்தரவுப் புத்தகம் ஆய்வகத்து மேசையிலேயே தங்கிவிட்டது.
காற்றில் கைக்குக் கிடைத்த தாள் ஒன்றுதான்.
கடிதத்தைத் திருப்பி,
வண்டியின் முகப்பில் வைத்து எழுதினேன்:
மூன்றாம் தூண். அடிவரை இடிக்கவும்.
தேதி. கையெழுத்து.

உர்கிடி அதை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.
முன்பக்கத்தை இரவில்தான் படிப்பார்.

அந்த அலுவலகத்தின் எண்
எனக்கு மனப்பாடம்.
இன்று செவ்வாய்.