எம், கே, அரைப்புள்ளி

விண்டோஸ் செத்தது சனிக்கிழமை,
சம்பளக் கணக்கு முடித்த கையோடு.
"புதுசு வாங்கவோ?" என்றார் அருளப்பு முதலாளி.
கேட்ட குரலிலேயே
வேண்டாமென்பதும் இருந்தது.

கிண்ணியாவிலிருந்து நஸ்மியா
ஒரு பென்டிரைவ் கொடுத்தனுப்பினாள்.
பழைய டிஸ்கைக் கழற்றித் துணியில் சுற்றி,
"இதைத் தொடாதே, கடன் பட்டியல் இதிலதான்" என்று
சீட்டும் எழுதி ஒட்டியிருந்தாள்.

கடையிலிருந்து கடற்கரை வீதிக்கு
ஆட்டோவில், மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
வாசலில் வைத்த கார்ட்போர்ட் பெட்டியை
மான் ஒன்று வந்து
மூலையிலிருந்து தின்னத் தொடங்கியது.
உத்தரவாத அட்டை உள்ளே. போகட்டும்.

முதலில் கறுப்புத் திரை.
கறுப்பு என்றால்
அமாவாசையில் கொட்டியாரக் குடா.
நஸ்மியா குரல் அனுப்பினாள்,
பின்னால் அவள் பிள்ளை அழுதுகொண்டிருந்தது:
"தொடங்கும்போது ஈயை அமத்து,
நீட்டு வரி ஒண்டு வரும்,
அதிண்ட கடைசியில நோமோட்செட் எண்டு எழுது."
ஒரு சொல்.
திரை கண் திறந்தது.

அதன்பின் கடவுச்சொல்.
அடிக்கிறேன், அடிக்கிறேன்,
ஒரு புள்ளிகூட விழவில்லை.
விசைப்பலகை பழுதென்று தலைகீழாகத் தட்டினேன்.
பழைய மிக்சர்த் துகளும் ஒரு கிளிப்பும் விழுந்தன.
பழுதில்லையாம். அது அப்படித்தானாம்.
கோயிலில் வாய் திறக்காமல் நேருவதுபோல
உள்ளே கேட்குமாம்.

இரவு பத்தேகால்.
திரையின் மூலையில் மூன்றே முக்கால், ஞாயிறு.
ஐந்தரை மணி நேரம் முன்னே போய்
எனக்காகக் காத்திருக்கிறது.
நாளைக்கு மழையா என்று அதையே கேட்கலாம்போல.

வைஃபை இல்லை.
வைஃபை ட்றைவரை இறக்க
வைஃபை வேண்டும்.
அரை மணி நேரம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு விளங்கியது:
எஞ்சின் நின்ற வள்ளத்தை
கடையில் தினமும் கேள்விப்படுகிறேன்,
இன்னொரு வள்ளம் வந்து கயிறு போட்டு இழுக்கும்.
போனைக் கேபிளால் கட்டினேன்.
நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் டேட்டா
முக்கி முனகி இழுத்தது.
கரை வந்ததும்
கடிகாரம் தானாகவே சனிக்கிழமைக்குத் திரும்பியது,
வெட்கப்பட்டதுபோல, சத்தமில்லாமல்.

கடன் பட்டியலைத் திறந்தேன்.
கடன்காரர் ஒருவருமில்லை.
தொகை இருக்கிறது, திகதி இருக்கிறது,
பெயர் இருந்த இடமெல்லாம்
ஆங்கிலக் குப்பை.
பன்னிரண்டு வருடமாகப் பாமினியில் அடித்த விரல்
மெதுவாகப் படித்தது:
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.
அம்மா.
அது செபமாலையின் வள்ளம்.

பழைய டிஸ்கில் பாமினி கிடந்தாள்.
புள்ளியில் தொடங்கும் ஒளித்த கோப்புறை ஒன்றுண்டு,
கொன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அமத்தினால் வெளிவரும்.
அதில் அவளைக் குடியேற்றி
வெளியே போய் உள்ளே வந்தேன்.
ஒவ்வொருத்தராக வந்தார்கள்:
றிஸ்வி, புரொப்பெல்லர் பின், 2,350.
பள்ளத்தோட்டத்து யோகராசா, ஸ்பார்க் பிளக் ஆறு.
தில்லையம்பலம், என்னவென்று எழுதவில்லை, 900.
செபமாலை, "அம்மா", 14,200.

அந்த வள்ளத்து எஞ்சினை
லீசிங்காரன் புரட்டாதியில் கழற்றிக்கொண்டு போனான்.
இப்போது அது திருக்கடலூர் மணலில் கவிழ்ந்து கிடக்கிறது,
நாய் இரண்டு படுக்க நிழல்.

அந்த ஒரு வரியைத் தெரிந்து
பாமினியை எடுத்துவிட்டு
வேறேதோ எழுத்துருவைப் போட்டேன்.
சேமித்தேன்.

திங்கட்கிழமை முதலாளி
கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி,
"இதென்ன பிள்ளை, இந்த ஒண்டு மட்டும்?"

"லினக்ஸ் பிரச்சினை, முதலாளி.
புதுசு தானே.
சரிவர நாள் எடுக்கும்."