இரண்டு மணித்தியாலம்

களுவாஞ்சிக்குடி ஆய்வுகூடத்து மெஷின்
காலையிலிருந்து எல்லாருக்கும்
ஒரே சீனி அளவைச் சொல்கிறது.
கொழும்பிலிருந்து கொம்பனிக்காரர்:
"மிஸ், உள்ளே விடுங்களேன்."

படிவம் வரட்டும். பெயர், வேலை, நேரம்.
வந்தது. இரண்டு மணித்தியாலம் திறந்தேன்.

என் திரையில்
என் கை இல்லாமல் அம்புக்குறி நடக்கிறது.
தேத்தண்ணி ஆறுகிறது, கண்ணை எடுக்கவில்லை.
ஒருமுறை அது நோயாளர் பட்டியலில் போய் நின்றது.
"அங்க உங்களுக்கு என்ன வேலை, டிலக்சன்?"
"சொறி மிஸ், கை தவறிட்டு."

மெஷின் இப்போது ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறது.
"பூட்டாதீங்க மிஸ்,
ராவைக்கும் ஒருக்கா வந்து பார்க்கிறன்."

முன்னம் இருந்தவர்கள் பூட்டவில்லை.
அந்தக் கொம்பனி இஞ்சினியர்
டோஹா போய் மூன்று வருடம்.
அவர் பெயர் மட்டும்
போன வியாழன் இரவு இரண்டு பதினாலுக்கு
இங்கே வந்து போயிருக்கிறது.

மாரியில் கல்லாற்றில் முகத்துவாரம் வெட்டுவார்கள்,
வயல் வெள்ளம் வடிய.
வெட்டின வாயால் உப்பும் ஏறும்.
பிறகு மணல் தன்பாட்டில் வந்து மூடும்.

இங்கே மணல் நான்தான்.

ஐந்து ஐம்பத்தொன்பது.
அவர் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்.