இருபத்தேழாம் குறிப்பு

தொட்டியின் விலையைச் சதம் பிசகாமல் சொல்வேன்.
ரசீதைக் கோத்தவன் நான்.
ஆயிரம் லீற்றர், கறுப்பு, ஐந்து வருட உத்தரவாதம்.
அதைவிடக் கூட முடிந்தது
பதாகைக்கும் படப்பிடிப்புக்கும்
கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளருக்கு
வாங்கிய நண்டுக்கும்.

ஆண்டறிக்கையில் அது நாற்பத்தோராம் பக்கம்.
வேலணைப் பிள்ளைகள் ஏழு பேர்
பைப்படியில் கையேந்திச் சிரிக்கிறார்கள்.
மேலே கொட்டை எழுத்தில்: எமது சமூகப் பொறுப்பு.
படத்துக்காக அன்று ஊற்றிய தண்ணீர் நாலு கான்.
நான்தான் சுமந்தேன்.

வரியைப் பற்றி ஒரே வரி,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில்,
குறிப்பு இருபத்தேழு:
குழுமக் கணக்கில் காண்க.

குழுமம் இருப்பது வேறொரு தீவில்.
அங்கே எங்களுக்கு ஒரு தபாற்பெட்டி உண்டு.
உவர்க்கிணறு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை.
யாழ்ப்பாணக் கிளையின் லாபம்
ஒவ்வொரு பங்குனியும்
'பெயர்ப் பயன்பாட்டுக் கட்டணம்' என்று உடுத்திக்கொண்டு
கடல் தாண்டிப் போய்
அந்தப் பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும்.
பொத்தானை அமுக்குவது என் சுட்டுவிரல்.
சட்டப்படி சரிதான்.
கணக்காய்வாளரும் கையெழுத்து வைத்தார்.

போன கிழமை திரும்பவும் வேலணைக்கு.
தொட்டியில் எங்கள் பெயர் உரிந்துவிட்டதாம்,
புது ஸ்டிக்கர் ஒட்டவேணும்.
பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கடை வைத்திருக்கும் குணநாயகி
ரீலோட் கார்ட்டைச் சுரண்டிக்கொண்டே கேட்டா:
"நூறு ரூபா போட்டா முழுசா வருதே தம்பி?
வரியெண்டு முதல்லயே கிள்ளிப்போட்டுத்தான் தாறாங்கள்.
சவுக்காரத்துக்கும் கட்டுறன், நுளம்புத்திரிக்கும் கட்டுறன்,
பில்லில கிடக்கு, பாக்கலாம்.
உங்கட கொம்பனி எவ்வளவு கட்டுது?"

வாயைத் திறந்தேன்.
தொட்டியின் விலைதான் வந்தது.

அவ எழும்பி வந்து தொட்டியில் தட்டினா.
டொம்.
தண்ணி பிரதேச சபைப் பவுசரில் வரவேண்டும்.
பவுசர் தையிலிருந்து டயர் இல்லாமல்
சபை வளவில் கல்லுக்கு மேல் நிற்கிறது.
டயருக்குக் காசு வரவேண்டும்.
எங்கிருந்து என்று அவ கேட்கவில்லை.

ஸ்டிக்கரை நேராக ஒட்டினேன்,
காற்றுக்குமிழ் விழாமல்
அடிமட்டத்தால் நீவி நீவி.
அதில் நான் கெட்டிக்காரன்.

பஸ்ஸில் கைபேசி அதிர்ந்தது:
இந்த வருடக் கட்டணம் அனுப்பியாயிற்றா?
அல்லைப்பிட்டியில் தொடங்கி
அந்தத் தொகையை டயர்களாகப் பிரித்துக்கொண்டு வந்தேன்.
பண்ணைப் பாலம் வந்தது, இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர்.
ஆஸ்பத்திரி வீதியில் இறங்கும்போதும்
மீதி இருந்தது.