பெயர் தெரியாத ஐந்து சரக்கு

கீழமாசி வீதியில் கண்ணைக் கட்டிவிட்டாலும்
மூக்கைப் பிடித்துக்கொண்டே என் கல்லாவுக்கு வந்துவிடுவேன்.
இருபத்தாறு வருஷம்.
வசம்பு இடதுகைப் பக்கம், அதற்கு மேல் கடுக்காய்.
திப்பிலிக்கு மட்டும் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

கூட்டமில்லாத மத்தியானமாகப் பார்த்து
முந்தானையால் வாயை மறைத்தபடி வருவார்கள்.
"அக்கா, அது நின்னுபோச்சு.
ராத்திரியெல்லாம் கொதிக்குது."
தண்ணீர்விட்டான் கிழங்கு நூறு கிராம்,
பாலில் போட்டு ஒரு மண்டலம்.
சொல்லும்போது தராசைப் பார்ப்பேன்.
முகத்தைப் பார்த்ததில்லை.

இப்போது எனக்கு.

சித்திரை வெயில் என்று நினைத்தேன்.
மதுரையில் யாருக்குத்தான் வேர்க்காது?
மார்கழியிலும் வந்தது.
இட்லிச்சட்டி மூடியைத் திறந்த மாதிரி
முதுகிலிருந்து ஆவி ஏறிக்
கழுத்து, காது, உச்சி.
ரெண்டு நாப்பதுக்கு எழுந்து ரவிக்கையைப் பிழிவேன்.
பக்கத்தில் தவசிலிங்கம் போர்வைக்குள் சுருண்டு
"ஃபேனைக் குறை" என்பார்.

தண்ணீர்விட்டான் மூன்று மண்டலம் தின்றேன்.
என் சரக்கு என்னிடம் பலிக்கவில்லை.
இதை வெளியில் சொல்ல முடியுமா,
கடை நடத்த வேண்டாமா?

தங்கை கனகமணி ஈப்போவில் நர்ஸ்.
சீன மருந்துக்கடைக்குப் போனாளாம்.
"நம்ம கடை மாதிரியேதான்க்கா, சுவரெல்லாம் இழுப்பறை.
கடைக்காரி உன் நாக்கைப் பார்க்கணுமாம்."

குடோனில் குண்டு பல்புக்கு அடியில்
நாக்கை நீட்டிப் படம் எடுத்தேன்.
ஐம்பத்திரண்டு வயதில் முதல் தரிசனம்.
ஓரமெல்லாம் பல் பதிந்த தடம்,
சொல்ல வந்ததைக் கடித்துக் கடித்து வைத்திருந்த மாதிரி.

பதினாலு பொட்டலம் வந்தது.
மேலே கோழி கிளறிய எழுத்து.
பில் போடும் பையன் போனைக் காட்டினான்.
போன் படித்துச் சொன்னது:
கவலையில்லாமல் அலைந்து திரிகிறவர் தூள்.
அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.
பிறகு உள்ளே போய்
கடுக்காய் மூட்டைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
முனிச்சாலை வீட்டிலிருந்து கடை,
கடையிலிருந்து வீடு.
திரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

தினத்தாளில் கொட்டிப் பிரித்தேன்.
இஞ்சி தெரிந்தது, காய்ந்த புதினா தெரிந்தது,
அதிமதுரம் என் கையிலேயே வளர்ந்த பிள்ளை.
அதைப் பொறுக்கித் தள்ளினேன்;
பிரஷர் இருந்தால் ஆகாது என்று
ஊருக்கே சொன்னவள், மாத்திரை போடுகிறவள்.
மீதி ஐந்துக்குப் பெயர் தெரியவில்லை.
ஒன்று சாக்பீஸ் துண்டு.
ஒன்று, ஓமத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை போல ஒரு வாசம்.
மோந்து மோந்து பார்த்தேன்.
புதுச்சரக்கு வந்து எத்தனை நாளாச்சு இந்த மூக்குக்கு.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா
பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு,
"ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் குடிங்க,
பலன் இருந்தா எனக்கும் சொல்லுங்க" என்றார்.

நாலுக்கு ஒன்றாய்ச் சுண்டக் காய்ச்சினேன்.
"என்ன நாத்தம்?" என்றார் தவசிலிங்கம்.
"சீனா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை வரவில்லை.
புதன்கிழமை இரண்டு தடவை வந்தது.
பதினோராம் நாள் மூன்று மணிக்கு எழுந்தவள்
ஃபேனுக்கு அடியில் நிற்காமல்
செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
விளக்குத்தூண் வரைக்கும் காற்று,
வேர்வை கழுத்திலேயே காய்ந்தது.
லாரியில் இஞ்சி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.
"என்னக்கா இந்நேரம்?" என்றான் லோடுமேன்.
"சும்மா."
டீ வாங்கிக் கொடுத்தான்.
அதிகச் சர்க்கரை. முழுசும் குடித்தேன்.

மருந்தா, நடையா, தானாய்த் தணிகிறதா,
எனக்குத் தெரியாது. கனகமணி கேட்டால்
இன்னும் பதினாலு அனுப்பு என்பேன்.

நேற்று மத்தியானம் ஒருத்தி வந்தாள்,
முந்தானை வாய்மேல்.
தராசைத் தள்ளி வைத்தேன்.
"எத்தனை மணிக்கு வருது?"
முந்தானையை இறக்கினாள்.
"ரெண்டரைக்கு."
"எனக்கு ரெண்டு நாப்பது" என்றேன்.