கூத்துக்கு ஏழு புள்ளி

ஊத்துக்கோட்டை பஜார் தெருவில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை டியூப்லைட்.
சனிக்கிழமை ராத்திரி ஐந்து பேர்
சார்ட் பேப்பரில் ஒரு நாட்டை விரித்து உட்காருவோம்.

கதையை நடத்துகிற ரமாதேவி
சத்தியவேட்டிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்.
எண்களை மட்டும் தெலுங்கில்தான் எண்ணுவாள்.
தயாகரனுக்கு இரட்டைக் கை வாள்.
சுகுணாவுக்கு நெருப்பு, மூன்று வகை.
பெஞ்சமின் திருடன்.
நான் பாணன்.
இருந்த புள்ளிகளில் ஏழைக் கூத்தில் போட்டேன்.
"டிராகன் வந்தா தாளம் போடுவியா?" என்றான் தயாகரன்.

உண்மையில் எனக்குப் பாட வராது.
தமிழ்த்தாய் வாழ்த்துக்கே
உதட்டை மட்டும் அசைத்தவன்.
இங்கே பாடுவது நானில்லை,
காகிதத்தில் பென்சிலால் எழுதிய ஓர் ஆள்.
அவன் தொண்டை ஒரு பகடை,
இருபது முகம்.

அன்றைக்கு ஆற்றுப் பாலத்தில் ஒரு பூதம்.
சுங்கம் கேட்டது: தலைக்கு ஒரு காது.
வாள் உடைந்தது. நெருப்பு நனைந்தது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
உருட்டினேன்.
"ஒகட்டி," என்றாள் ரமாதேவி,
கண்ணை மூடித் திறந்து சொன்னாள்:
"யாழ்ல நரம்பு அறுந்துபோச்சு.
குரல் கழுதை கத்தின மாதிரி.
பூதம் சிரிக்குது,
வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருளுது."
அது உருண்ட நேரத்தில்
பெஞ்சமின் சாவியோடு அக்கரையில் நின்றான்.
"ஒண்ணு விழுந்ததுக்கு இவ்வளவா!"
தயாகரனுக்கு ஆறவே இல்லை.

மணி பன்னிரண்டரை.
ஆரணி ஆற்றுப் பாலத்து முனையில் ஜீப்.
ஊதச் சொன்னார்கள், ஊதினோம்:
டீயும் முறுக்கும்.
பையைத் திறக்கச் சொன்னார் ஏட்டு.
டார்ச் வெளிச்சத்தில் ஏழு பகடைகள்.
"சூதாட்டமா? எவ்வளவு வச்சு ஆடினீங்க?"

தயாகரன் தன் செருப்பைப் பார்த்தான்.
சுகுணாவின் மூன்று நெருப்பும் அணைந்திருந்தன.
பெஞ்சமின், நிஜத்திலும் திருடனைப் போலவே,
எனக்குப் பின்னால் நின்றான்.

"சார், ஒரு பாலம்," என்றேன்.
"அதுல ஒரு பூதம். போறவங்க வர்றவங்க கிட்ட
சுங்கம் கேக்கும்..."
சொல்லும்போதுதான் உறைத்தது
எங்கே நின்று, யாரிடம் என்று.
நிறுத்தினால் மாட்டிக்கொள்வேன்.
கழுதை மாதிரி கத்தியும் காட்டினேன்.
ஏட்டு சிரிக்கவில்லை.
"நரம்பு அறுந்துச்சா, சரி. அப்புறம்?"

முடித்ததும் ஒரு பகடையை எடுத்து
ஜீப் பானெட்டில் உருட்டினார்.
எல்லோரும் குனிந்து பார்த்தோம்,
டிரைவர் உட்பட.
"பந்தொம்மிதி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர்
"நல்லதா, கெட்டதா?" என்றார்.
"ரொம்ப நல்லது சார்."

போகச் சொன்னார்.
அந்த ஒன்றை மட்டும்
திருப்பித் தரவில்லை.