எட்டு மில்லிமீட்டர்

நாரன் தூல் சந்தையில்
துருப்பிடித்த கன்டெய்னர் ஒன்றுதான் என் கடை.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது.
உள்ளே ஒரு ஹீட்டர், ஒரு பூதக்கண்ணாடி,
தேநீர்க் குவளை நிறையத் திருகாணிகள்.

சரங்கூ மூன்றாம் முறையாக வந்தாள்.
சீருடைக் கோட்டுக்குள் வயிற்றோடு சேர்த்து
மடிக்கணினியைப் பெல்ட்டால் கட்டியிருந்தாள்.
"குளிர் பட்டால் கெடும் என்று போனமுறை சொன்னாயே."
சொன்னேன்தான்.
அதற்கு முன்பு சார்ஜர் போலி என்றேன்.
வாங்கிய இடம் சரியில்லை என்றும் சொன்னேன்.
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்,
எனக்குக் குளிர்காலம்.

கொரியாவில் யாரோ சலித்துத் தள்ளிய பெட்டி.
விசைகளில் வட்டமும் கோடுமாய் அவர்கள் எழுத்து.
அதன்மேல் எங்கள் எழுத்துகளை ஸ்டிக்கராய் ஒட்டியிருந்தாள்,
நகத்தால் அழுத்தி, ஒவ்வொன்றாக.
இரண்டு மட்டும் இடம் மாறியிருந்தன.
நான் சொல்லவில்லை.

முதல் தடவை வந்தபோது அதற்கு உயிர் இருந்தது.
கீல்தான் உடைந்திருந்தது,
விசிறியில் யாருடைய பூனையின் முடியோ.
கீலை மாற்றினேன், முடியை எடுத்தேன், மூடினேன்.
அதன் பிறகுதான் எழவில்லை.
இதை நான் உரக்கச் சொன்னதே இல்லை.

பொத்தானை அழுத்தினால்
வெள்ளை விளக்கு ஒரு கணம் எரியும்,
விசிறி அரைச்சுற்று சுற்றும்,
எதையோ சொல்ல வாயெடுத்து
வேண்டாம் என்று விட்டவனைப்போல
அடங்கிவிடும்.

பேட்டரியைக் கழற்றி, முப்பது எண்ணும்வரை அழுத்தி
மிச்ச மின்சாரத்தை வடித்தேன்.
நினைவகப் பட்டைகளின் பொன்பற்களைப்
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தேன்.
ஒன்றை மட்டும் மாட்டிப் பார்த்தேன். பிறகு மற்றதை.
வேறு சார்ஜர். வேறு திரை.
மல்டிமீட்டர் பத்தொன்பது வோல்ட் என்றது.
வாசல்வரை வருகிறது,
வீட்டுக்குள் போகவில்லை.

பக்கத்துக் கடை ஜம்பல் எட்டிப் பார்த்தான்.
"போர்டு போச்சு. உதிரிக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்"
என்று ஒரு தொகை சொன்னான்.
சரங்கூ அவன் பக்கம் திரும்பவில்லை.
டிராலிபஸ் ஓட்டுகிறாள் என்பது உடுப்பில் தெரிந்தது.
இதை எதற்கு வாங்கினாள் என்று தெரியாது.
விரல்நுனியில் ஸ்டிக்கர் பசை கறுத்திருந்தது.

எத்தனையாவது தடவையோ அடிமூடியைக் கழற்றி,
மூடாமலே, எரிச்சலில்,
சும்மா பொத்தானைத் தொட்டேன்.
விசிறி சுற்றியது.
நிற்கவில்லை.

மூடி முறுக்கினேன். செத்தது.
திறந்தேன். எழுந்தது.

அப்புறம்தான் திருகாணிகளை மேஜையில் நிறுத்தினேன்.
பதினோரு குட்டை, இரண்டு நெட்டை.
நெட்டை இரண்டும் கீலுக்கு உரியவை.
கீலில் ஒரு குட்டை ஒப்புக்கு நின்றிருந்தது.
அதன் நெட்டையை
உள்ளங்கை வைக்கும் இடத்துக்கு நேர் கீழே முறுக்கியிருக்கிறேன்,
நல்ல வேலைக்காரன் என்ற நினைப்பில்
கூடுதலாய் ஒரு திருப்பு வேறு.
இருக்க வேண்டியது ஐந்து மில்லிமீட்டர்.
இது எட்டு.
மிச்ச மூன்றும் போர்டின் முதுகுக்குப் போய்
பச்சையில் சின்னதாய் ஒரு பிறையைக் கீறியிருந்தன.

"என்ன?" என்றாள்.
ஹீட்டர் முனகியது.
'பழைய சாமான் அப்படித்தான்' என்பது
நாக்கில் சூடாகத் தயாராக இருந்தது.
திருகாணியை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
"இது நான் செய்தது."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
சிரிக்கவில்லை, திட்டவுமில்லை.
"இவ்வளவுதானா" என்றாள்.
என்னையா, திருகாணியையா, தெரியவில்லை.

திரை பதினான்கு வருடம் பின்னால் போய் நின்று
இன்று என்ன தேதி என்று கேட்டது. சொன்னாள்.
பிறகு வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து
ஒற்றை விரலால் எதையோ தட்டத் தொடங்கி
நடுவில் நின்றாள்.
இரண்டு ஸ்டிக்கர்களை உரித்து
இடம் மாற்றி ஒட்டினாள்.
"நீ பார்த்திருப்பாய். சொல்லியிருக்கலாம்."

வாங்கிய பணம் முழுவதையும் நீட்டினேன்.
எண்ணி, கீலுக்கு உண்டானதை மட்டும்
மேஜையில் திரும்ப வைத்தாள்.
அந்த நெட்டையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

கீலுக்கு வேறொன்று வேண்டும்.
குவளையைக் கவிழ்த்துக் கிளறினேன்.
அளவுகோலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை,
ஜம்பலிடம் கேட்க வேண்டியிருந்தது.