சீட்டில் இல்லாதது

ராத்திரி பதினொன்றரை.
கருங்கல் மண்டபத்தில் ஏசியை அணைத்துவிட்டார்கள்.
தங்கச்சியையும் மாப்பிள்ளையையும்
திங்கள்சந்தைக்கு அனுப்பியாயிற்று.
மேடைப் படியில் உட்கார்ந்து
அலங்காரக்காரன் தந்த சீட்டைப் படிக்கிறேன்:
பதினொரு பூ,
எழுபத்து நாலாயிரத்து அறுநூறு.

முந்திரி ஆபீசில் கணக்கெழுதுகிறவள் நான்.
சீட்டில் உள்ளது சரக்கில் இருக்க வேண்டும்,
சரக்கில் உள்ளது சீட்டில்.
இல்லையென்றால் உறக்கம் பிடிக்காது.

ஆந்தூரியம் தெரியும். நம்ம மலையில் விளைகிறது,
பிளாஸ்டிக்கோ என்று எல்லாரும் ஒருதரம் நுள்ளிப் பார்ப்பது.
ரோஜா நாற்பது என்று டிக் போட்டேன்.
அப்புறம் தொட்டுப் பார்த்தால்
பதினெட்டில் முள்ளில்லை, மணமில்லை.
போனில் தேடினேன்: லிசியாந்தஸ்.
அடித்துத் திருத்தி எழுதினேன்.
உலராமலே காகிதம்போல் சலசலப்பது ஸ்டாட்டிஸ்.
ஆல்ஸ்ட்ரோமேரியா என்று உரக்க வாசித்தபோது
"மத்தியானமே போட்டுட்டேன் பிள்ளே" என்றாள் மாமி,
ஏதோ பிரஷர் மாத்திரையைக் கேட்கிறேன் என்று.
அதன் உள்ளிதழில்
பேனா எழுதுகிறதா என்று யாரோ கீறிப் பார்த்த கோடுகள்.

ரபியுல் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தான்.
மால்டாவிலிருந்து வந்து ஒரு வருஷம்,
அலங்காரக்காரனின் ஆள்.
பெயர் கேட்டால் விலை சொல்வான்:
"இது நூத்திருபது. இது அறுபது.
இது ரொம்ப காசு, தொடாத அக்கா."

பதினொன்றும் முடிந்தது.
வளைவின் இரண்டு பக்கமும் ஒரு பூ பாக்கி.
பால் நிறம், கொத்துக் கொத்தாய்,
பின்னால் மடங்கிய இதழ், நடுவில் மஞ்சள் பொடி.
சீட்டில் இல்லை.

போன் மூன்று பெயர் சொன்னது, ஒன்றிலும் உறுதியில்லை.
ஷிஜின் சின்ன ஆர்க்கிட் என்றான்.
குவைத்துச் சித்தப்பா
அங்கே ஒரு ஓட்டலில் பார்த்திருக்கிறாராம்,
ஷேக்குமார் கல்யாணத்துக்கு வைப்பதாம்.
அலங்காரக்காரனைக் கூப்பிட்டேன்.
"இம்போர்ட்டட் ஐட்டமாக்கும். காலையில பேசுவோம்."
இம்போர்ட் பண்ணியதை
இனாமாய்த் தருகிறவனை நான் இன்னும் கண்டதில்லை.

குப்பைப் பையோடு வந்த ரபியுல்
அந்தக் கொத்தில் நாலு பூ உருவி
வாயில் போட்டான்.
"லே, துப்பு!" என்று சித்தப்பா ஓடினார்.
அவன் மென்றுகொண்டே,
"சொஜ்னே" என்றான்.
விளங்கவில்லை.
இரண்டு கையையும் ஒரு முழத்துக்கு அகற்றிக் காட்டினான்,
விரலைப் பல்லில் வைத்துச் சப்பி இழுத்துக்
கோதைத் துப்புவதுபோல் செய்தான்.

பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்த அம்மா திரும்பி
ஒரு பூவை முகர்ந்தாள்.
"எடியே, முருங்கப்பூவாக்கும் இது."

சமையல்கட்டுக்குப் பின்னால் போய் டார்ச் அடித்தோம்.
மதில் ஓரம் மரம்,
முறிந்த இரண்டு கொப்பில் பச்சை இன்னும் ஈரம்.
சாயங்காலம் வெள்ளைப்பூ தீர்ந்துபோனபோது
எவனோ ஏறியிருக்கிறான்.

இதன் கீழேதான் நாங்கள்
நாலு மணி நேரம் போட்டோவுக்கு நின்றோம்.
இதன் கீழேதான் சித்தப்பா சம்பந்தியிடம்
ஒரு பூ இருநூறு இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.
எங்கள் வீட்டிலும் உண்டு.
துணி உலர்த்தும் கயிற்றின் ஒரு முனை
அந்த மரத்தில்தான் கட்டியிருக்கிறது.
தினமும் காலையில்
அதற்கு முதுகு காட்டிக்கொண்டுதான்
ஆபீஸ் சேலையை உதறுகிறேன்.

அம்மா உருவ ஆரம்பித்துவிட்டாள்,
நாளைக்குத் துவரன் வைக்க.
ரபியுல் கேட்காமலே உட்கார்ந்தான்.
அவன் காம்பை நீக்கினான்,
அம்மா எறும்பை ஊதினாள்.
அரைக் கவர் அவனுக்கு,
அரைக் கவர் எங்களுக்கு.

சீட்டின் அடியில் பன்னிரண்டாவது வரி எழுதினேன்:
முருங்கைப்பூ, இரண்டு கொப்பு.
விலைக் கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
ரபியுல் எட்டிப் பார்த்து,
"எவ்வளவு அக்கா?" என்றான்.